மனவெழுச்சிப் பாதிப்புற்ற குழந்தைகளும் குடும்ப வலையமைப்புகளுக்கான மானியமும்: கெடா மாநிலத் தோட்டங்களையும் நகரங்களையும் முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மனவெழுச்சிப் பாதிப்புக்கு ஆளான குழந்தையை மருத்துவர் மாதத்திற்கு ஒருமுறை, அதுவும் சிறிது நேரமே காண்கிறார். ஆசிரியர் நாளின் ஒரு பகுதியில் காண்கிறார். எஞ்சிய பொழுதெல்லாம் அக்குழந்தை குடும்பத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. எனினும், இத்தகைய குழந்தைகளின் பொருட்டு ஒதுக்கப்படும் நிதி மருத்துவமனையையும் பள்ளியையும் சென்றடைகின்ற அளவுக்குக் குடும்பத்தைச் சென்றடைவதில்லை. இக்குறையைக் களையும் வகையில், இக்குழந்தைகளைக் கொண்ட குடும்பங்கள் ஒன்றிணைந்து ஒன்றுக்கொன்று துணைநிற்கும் அமைப்புகளுக்கு அரசே மானியம் வழங்கும் முறையொன்று அமெரிக்காவில் உருவாயிற்று. அம்முறையின் அடிப்படைகளை விளக்குவதும், கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது எவ்வகையில் பொருந்தும் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கடுமையான மனவெழுச்சிப் பாதிப்பு – பொருள் விளக்கம்

குழந்தைகள் அனைவருக்கும் அச்சமும் சினமும் துயரமும் உண்டு. வகுப்பில் ஒருநாள் சண்டையிட்ட சிறுவனையோ, தேர்வுக்கு அஞ்சி அழும் சிறுமியையோ பாதிப்புற்றவர் எனக் கூறுதல் பொருந்தாது. அமெரிக்க நடுவண் அரசு 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட வரையறை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றது. அவ்வரையறைப்படி, பிறப்பு முதல் 18 வயது வரையிலான ஒருவருக்குக் கடந்த ஓராண்டுக்குள் மருத்துவமுறைப்படி கண்டறியத்தக்க மனநலக் குறைபாடு இருத்தல் வேண்டும்; அக்குறைபாடு குடும்பத்திலோ பள்ளியிலோ சமூகத்திலோ அவர் இயங்குவதைப் பெரிதும் தடுப்பதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையும்பொழுதே அது கடுமையான மனவெழுச்சிப் பாதிப்பு எனப்படுகின்றது. மாதக்கணக்கில் பள்ளிக்குச் செல்ல மறுத்தல், தன்னுடலைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், எவரிடமும் பேசாது ஒடுங்கிவிடுதல், அடக்கவியலாத சினத்தால் உடன்பிறந்தோரைத் தாக்குதல் ஆகியன இதன் வெளிப்பாடுகளாக அமையலாம்.

மலேசியாவில் இச்சிக்கலின் பரப்பைத் தேசிய சுகாதார, நோயுறு நிலை ஆய்வு காட்டுகின்றது. 5 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுள் மனநலச் சிக்கல் உள்ளோர் 2019ஆம் ஆண்டில் 7.9 விழுக்காட்டினர், 2023ஆம் ஆண்டில் 16.5 விழுக்காட்டினர். இவர்கள் அனைவரும் கடுமையான பாதிப்புக்கு ஆளானவர்கள் அல்லர். ஆயினும், நான்கே ஆண்டுகளில் விழுக்காடு இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பது கருத்தில் கொள்ளத்தக்கது.

தமிழ்க் குடும்பங்களில் இந்நிலை அதன் பெயராலேயே குறிக்கப்படுவது அரிது. சிலர் பிடிவாதம் என்பர். சிலர் சோம்பல் என்பர். காற்றுக் கருப்பு, செய்வினை என்போரும் உளர். 1911ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரான தஞ்சோங் ரம்புத்தான், நம்மவரிடையே கேலிச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அச்சொல் தம் பிள்ளையின்மீது விழுந்துவிடக்கூடாது என்னும் அச்சமே பெற்றோர் பலரை மௌனத்தில் ஆழ்த்துகின்றது. இம்மௌனத்தால் காலம் கடக்கின்றது; காலம் கடப்பதால் பாதிப்பு முற்றுகின்றது.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

கெடா மாநில மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். இவர்களுள் பெரும்பாலோரின் முன்னோர் கோல மூடா, கூலிம், பாலிங் முதலிய மாவட்டங்களின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்ட வாழ்க்கை வறுமையும் அடக்குமுறையும் நிறைந்தது. அதனைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் புறம்பானது. எனினும், குழந்தை வளர்ப்பில் அங்குக் கூட்டுப் பொறுப்பு ஒன்று நிலவியது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். லயத்தின் ஒரு வீட்டில் நிகழ்வது அடுத்த வீட்டிற்குத் தெரிந்தது. ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்லவில்லை எனில் பாட்டியோ அண்டை வீட்டாரோ கேட்டனர்.

1980களிலிருந்து தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடமளித்தன; ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் முதலிய நகரங்களின் மலிவு விலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. பெற்றோர் இருவரும் தொழிற்சாலைகளில் மாறுநேர வேலைக்குச் செல்கின்றனர். அண்டை வீட்டார் அறிமுகமற்றவர்களாக உள்ளனர். தோட்டத்தில் இருந்த கண்காணிப்பு இங்கில்லை. அதற்கு ஈடான நகர அமைப்பு எதுவும் உருவாகவுமில்லை. தோட்டங்களிலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் நிலையும் வேறன்று. அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாக, அவையும் தனிமைப்பட்டுள்ளன.

மருத்துவம் மலிவு, அதனை அடைதல் செலவு

கெடாவில் மனநல மருத்துவம் இல்லாமல் இல்லை. அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனையும், சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையும் மனநலப் பிரிவுகளைக் கொண்டுள்ளன. அரசு மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் குடிமக்கள் ஒரு வருகைக்குச் செலுத்தும் கட்டணம் 5 ரிங்கிட்டே ஆகும். அவ்வாறாயின் குடும்பங்கள் சிகிச்சையை ஏன் இடையில் கைவிடுகின்றன?

இதற்கான விடையின் பெரும்பகுதி எளிய கணக்கில் உள்ளது. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யும் ஒருவருக்கு ஒருநாள் ஊதியம் 65.38 ரிங்கிட் ஆகின்றது. பாலிங்கிலோ கோல கெட்டிலிலோ வாழும் தாய், பிள்ளையுடன் சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குச் சென்று திரும்ப ஒரு முழுநாள் தேவை. நாள் கூலி பெறுபவராயின் அந்நாளின் ஊதியம் அவருக்கு இல்லை. மாத ஊதியம் பெறுபவராயின், பணியில் சேர்ந்த முதலிரண்டு ஆண்டுகளில் சட்டம் உறுதி செய்யும் ஆண்டு விடுப்பு 8 நாள் மட்டுமே. பயணச் செலவும் உணவுச் செலவும் இதற்கு மேற்பட்டவை. ஆகவே, 5 ரிங்கிட் மருத்துவத்திற்காக அக்குடும்பம் அதனினும் பதினைந்து, இருபது மடங்கு இழக்கின்றது. இவ்விழப்பைப் பத்து மாதம் தாங்கும் குடும்பமும் பதினோராம் மாதம் தளர்ந்துவிடுகின்றது. பெற்றோரின் அக்கறையின்மை என்று மருத்துவக் குறிப்பில் பதிவாகக்கூடியது உண்மையில் ஒரு நாள் கூலியே எனலாம்.

நடப்பிலுள்ள உதவிகளும் இடைவெளிகளும்

மலேசிய அரசின் உதவித் திட்டங்கள் பெரும்பாலும் மாற்றுத்திறனாளி அட்டையை அடிப்படையாகக் கொண்டவை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சமூகநல இலாகா ஏழு பிரிவுகளின்கீழ்ப் பதிவு செய்கின்றது. அவற்றுள் கற்றல் குறைபாடு ஒன்று. மனநலக் குறைபாடு மற்றொன்று. தற்புனைவு ஆழ்வு எனப்படும் ஆட்டிசம் உள்ள குழந்தை முதற்பிரிவில் இடம்பெறும். கடும் மனச்சோர்வோ மனப்பதற்றமோ உடைய குழந்தை இரண்டாம் பிரிவையே நாட வேண்டும். அப்பிரிவில் பதிவு பெறுவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மனநலச் சிகிச்சை பெற்றிருத்தல் வேண்டும். அதாவது, குடும்பம் எவ்வுதவியும் இன்றி இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த பின்னரே உதவிக்கான கதவு திறக்கின்றது. அந்த இரண்டு ஆண்டுகளே குடும்பங்கள் சிகிச்சையைக் கைவிடும் காலமாகவும் அமைந்துவிடக்கூடும்.

சமூக மறுவாழ்வுத் திட்டம் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1984ஆம் ஆண்டில் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர் நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட நிலையங்களாக வளர்ந்தது. அரசு மானியம் வழங்க, பெற்றோரும் உள்ளூராரும் இடம்பெறும் குழு நிலையத்தை நடத்துகின்றது. குடும்பங்களை நம்பி அரசு நிதி அளிக்கும் முறை இந்நாட்டிற்குப் புதியதன்று என்பதற்கு இதுவே சான்று. எனினும், இந்நிலையங்களின் பயிற்சி பெரும்பாலும் உடற்குறையும் கற்றல் குறையும் உடையோரை மனத்திற்கொண்டே அமைந்துள்ளது.

இந்திய சமூகத்திற்கெனத் தனி நிதியும் உண்டு. 2018ஆம் ஆண்டில் செடிக் என்னும் பிரிவு மித்ரா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதற்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்தது. அந்நிதியின் ஒரு பகுதி பொது இயக்கங்களின் திட்டங்களுக்கு மானியமாக வழங்கப்பட்டது. மானியங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக எழுந்த புகார்களை ஊழல் தடுப்பு ஆணையம் 2021ஆம் ஆண்டில் விசாரிக்கத் தொடங்கியது. இங்கு நாம் கருத வேண்டியது மானியத்தின் வடிவமாகும். நம்மிடையே மானிய விண்ணப்பம் என்றால் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியை முன்வைப்பதாகவே உள்ளது. இரண்டு நாள் தன்முனைப்பு முகாம், கலந்துகொண்டோர் பட்டியல், நிழற்படங்கள், கணக்கறிக்கை என அது முடிவடைகின்றது. மனவெழுச்சிப் பாதிப்போ நிகழ்ச்சியாக வருவதில்லை, ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது. ஆகவே அதற்கான நிதியும் தொடர்ச்சியுடையதாக இருத்தல் வேண்டும்.

பிற நாடுகளின் பட்டறிவு

1982ஆம் ஆண்டில் ஜேன் நிட்சர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், உரிமை கோருவாரற்ற குழந்தைகள் என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டார். கடுமையான பாதிப்புக்குள்ளான 30 இலட்சம் குழந்தைகளுள் மூன்றில் இரு பங்கினருக்கு உரிய சேவை கிட்டவில்லை என அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1984ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கான நடுவண் அரசுத் திட்டமொன்று தொடங்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் பெற்றோரே கூடிக் குழந்தைகள் மனநலத்திற்கான குடும்பங்களின் கூட்டமைப்பை நிறுவினர். பின்னர், மாநில அளவிலான குடும்ப வலையமைப்புகளுக்கென மானியம் வழங்கும் முறை நிலைபெற்றது.

அம்மானியத்தின் இரு கூறுகள் நமக்குப் பயன்படுவன. முதலாவது, தொகை சிறியது. 2000களில் ஓர் அமைப்புக்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் டாலருக்கும் குறைவாகவே வழங்கப்பட்டது. ஆனால் அது ஓராண்டுடன் முடியாமல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. இரண்டாவது, மானியம் பெறும் அமைப்பின் ஆட்சிக் குழுவில் குறைந்தது 51 விழுக்காட்டினர் பாதிப்புற்ற குழந்தைகளின் குடும்பத்தினராக இருத்தல் வேண்டும் என்பது கட்டாய விதி. குடும்பங்களின் பெயரால் பிறர் நிதி பெறுவதை இவ்விதி தடுத்தது. மருத்துவரும் அரசியலாரும் கல்வியாளரும் அக்குழுவில் இருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் பெரும்பான்மை குடும்பங்களுடையது.

குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக ஏற்கும் மரபு இந்தியாவிலும் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளியுடன் குடும்பத்தினரும் கூடாரங்களில் தங்குவதற்கு வழிசெய்தார். 1957ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் தொடங்கப்பட்டபொழுது, உறவினர் உடன் தங்குவது அதன் நடைமுறையாகவே அமைந்தது. மேலை நாடுகளில் குடும்பத்தை நோயாளியிடமிருந்து விலக்கி வைத்த காலத்தில் இங்கு இம்முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கெடா மண்ணின் முன்மாதிரிகள்

எளிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தாமாக ஓர் அமைப்பை நடத்த இயலுமா என்னும் ஐயம் எழலாம். கெடாவின் வரலாறே இதற்கு இரு விடைகளை வைத்துள்ளது.

போருக்குப் பின், 1946ஆம் ஆண்டளவில், பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. குடும்பங்களைச் சீரழித்த கள்ளுக் கடைகளை மூடக் கோரியதே அதன் முதன்மைப் பணி. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல்கள் காவல்துறையுடன் மோதலாக முற்ற, ஆங்கில ஆட்சி அவ்வியக்கத்தை ஒடுக்கியது. தொழிற்சங்க வரலாற்றின் ஓர் இயலாகவே இது படிக்கப்படுகின்றது. ஆயினும், தம் வீட்டிற்குள் நிகழும் துன்பத்தைத் தனிக் குடும்பத்தின் அவமானமாகக் கருதாமல் தோட்டத்தின் பொதுச் சிக்கலாக வெளிக்கொணர்ந்தமையே அதன் சிறப்பு எனலாம்.

இரண்டாவது, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தில் அச்சங்கம் முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமாகும். சிறு தொகை, நீண்ட காலம், உறுப்பினரின் உரிமை ஆகிய மூன்றும் அங்கு ஒன்றிணைந்தன. குடும்ப வலையமைப்புக்குத் தேவைப்படுவனவும் இம்மூன்றே.

கெடாவுக்கேற்ற மானிய அமைப்பு

1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு உறுப்பினர் போதும். கூலிம் அல்லது சுங்கைப் பட்டாணியை மையமாகக் கொண்டு ஏழு குடும்பங்கள் முன்வரினும் தொடக்கம் அமைந்துவிடும். கெடாவின் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகளும், தோட்டத்திற்கொன்றாக உள்ள கோயில் மண்டபங்களும் கூடுமிடங்களாகப் பயன்படக்கூடும். பீடோங் அருகேயுள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையினர் அறிவுரைஞர்களாகத் துணைபுரியலாம்.

மானியத்தில் நான்கு செலவுகள் இடம்பெறல் வேண்டும். ஒன்று, மருத்துவமனை செல்லும் நாளின் ஊதிய இழப்பும் பயணமும். இரண்டு, பயிற்சி பெற்ற மூத்த பெற்றோர் ஒருவர் புதிய குடும்பத்துடன் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் உடன்சென்று, மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கூறுவதை வீட்டிலுள்ள பாட்டிக்கும் விளங்கும்படி தமிழில் சொல்வதற்கான சிறு ஊதியம். மூன்று, மாதந்தோறும் நிகழும் பெற்றோர் கூட்டம். அந்நேரத்தில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடும் இதில் அடங்கும். நான்கு, இரவு நேர நெருக்கடியில் அழைப்பதற்கான தொலைபேசித் தொடர்பு. சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்னும் உதவி எண் உள்ளது; எனினும், தம்மை நன்கறிந்த ஒருவரின் தமிழ்க் குரல் தரும் துணிவு வேறானது.

தொகை எவ்வளவு ஆகும்? ஒரு வருகைக்கு ஊதிய இழப்பு 65 ரிங்கிட், பயணமும் உணவும் 35 ரிங்கிட் எனக் கொள்வோம். இருபது குடும்பங்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை சென்றால் 24,000 ரிங்கிட் ஆகும். இது மேற்குறித்த 100 மில்லியன் ரிங்கிட்டில் பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகும். எஞ்சிய மூன்று செலவுகளைச் சேர்த்தாலும் தொகை பெரிதாகாது. இருபது குழந்தைகள் சிகிச்சையின் முதலிரண்டு ஆண்டுகளைக் கடப்பார்களா என்பதே இச்சிறு தொகையைப் பொறுத்துள்ளது.

கருத்திற்கொள்ள வேண்டிய இடர்கள்

இம்முறை இடர்களற்றதன்று. முதலாவது இடர், மறைகாப்பு. சிறிய சமூகத்தில் செய்தி விரைந்து பரவும். நாளைய திருமணப் பேச்சுவரை அது தொடரும். ஆகையால் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலும் நிழற்படங்களும் மானியக் கணக்கறிக்கையில் இடம்பெறலாகாது. தணிக்கையாளர் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்த்தால் போதுமானது.

இரண்டாவது, வலையமைப்பு மருத்துவத்திற்கு மாற்றாகிவிடும் அபாயம். பெற்றோர் பெற்றோருக்குத் துணையாகலாம். மருந்தை நிறுத்துமாறோ மாற்றுமாறோ கூறும் உரிமை எவருக்கும் இல்லை. அதே வேளையில், கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்தும் குடும்பத்தை இகழ்வதும் தவறு. வழிபாடும் சிகிச்சையும் ஒருங்கே செல்ல இயலும் என உணர்த்தினாலே போதும்.

மூன்றாவது இடர் மிக நுட்பமானது. சில வேளைகளில் குழந்தையின் துன்பத்திற்குக் குடும்பமே காரணமாக இருக்கக்கூடும். குடியும் அடியும் நிறைந்த வீட்டில் குழந்தையின் நடத்தையை மட்டும் நோயாகக் கருதுதல் அநீதியாகும். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், கொடுமையைக் கண்டறியும் மருத்துவருக்கும் குடும்ப உறுப்பினருக்கும் குழந்தைப் பராமரிப்பாளருக்கும் அதனைத் தெரிவிக்கும் கடமையை விதித்துள்ளது. வலையமைப்பின் உறுப்பினர் ஒவ்வொருவரும் இக்கடமையை முதல் கூட்டத்திலேயே அறிந்திருத்தல் வேண்டும். குடும்பத்திற்குத் துணைநிற்பது குழந்தையின் பொருட்டே அன்றிக் குடும்பத்தின் பெயரைக் காப்பதற்காக அன்று.

முடிவுரை

கெடாத் தமிழ்க் குடும்பங்களில் மனவெழுச்சிப் பாதிப்புற்ற குழந்தைகளுக்குத் தேவையான மருத்துவம் எட்டும் தொலைவில் உள்ளது. அதன் கட்டணமும் குறைவு. ஒரு நாள் கூலி, ஒரு பயணம், ஊராரின் ஒரு சொல் ஆகியனவே இடையில் நிற்கும் தடைகள். இவற்றைத் தனிக் குடும்பம் கடப்பது கடினம்; பல குடும்பங்கள் சேர்ந்தால் கடக்கலாம். அவ்வாறு சேர்வதற்கு வழங்கப்படும் மானியம் சிறியதாகவும், மூன்று ஆண்டுகளேனும் தொடர்வதாகவும், அக்குடும்பங்களே பெரும்பான்மையாக உள்ள குழுவின் கையில் ஒப்படைக்கப்படுவதாகவும் அமைதல் வேண்டும். சமூக மறுவாழ்வு நிலையங்களை நடத்தும் அரசுக்கு இம்முறை அந்நியமானதன்று; மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கியோரின் வழித்தோன்றல்களுக்கும் அது புதியதன்று. முதல் ஏழு குடும்பங்களை ஒருங்கிணைப்பதற்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் முன்வருவார்களாயின், விண்ணப்பம் எழுதும் பணியில் பல்கலைக்கழகத்தார் துணைநிற்பது கடமையாகும்.